மேஸ்திரிக்கு மேலேருந்து வர்ற கை ஆகாது

அந்த நாற்காலி வேண்டாம் சார், இதுல உக்காருங்க. அதுல உக்காந்தா உங்க மூஞ்சி கூண்டுக்கு நேரா வரும். நேருக்கு நேர் யாராவது பாத்தா மேஸ்திரி கறுத்துடுவான். அப்புறம் நீங்க பாட்டுக்கு, பச்சோந்தி கறுப்பா இருக்கு, கொடுமைப்படுத்துறாங்கன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. கொஞ்சம் பக்கவாட்டுல, ஆங், அப்படித்தான். பையைக் கீழ வைங்க. மெதுவா. மெதுவான்னேன்ல? சரி பரவால்ல, அவன் கண்டுக்கல. ஒரு கண்ணுதான் நம்ம பக்கம் இருக்கு, இன்னொன்னு ஜன்னல்ல இருக்கு.

ஆமா சார், மேஸ்திரிங்கறது அவன் பேருதான். இந்த வீட்டுக்காரர் வெச்சது. ஒவ்வொரு கிளையா நின்னு நின்னு, காலை வெக்கலாமா வேண்டாமான்னு சோதிச்சுப் பாத்துத்தான் நடப்பானாம். ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பாப்பானாம். அவங்க சைட்ல ஒரு மேஸ்திரி அச்சு அசல் அப்படித்தான்னு சொல்லுவார். அவர் கிரேன் ஓட்டுறவர் சார். பெரிய கட்டடம் கட்டும்போது உச்சில ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி தெரியும் பாருங்க, அதுக்குள்ள உக்காந்திருப்பார். இந்த பில்டிங்ல எல்லாரும் கிரேன்காரர்னுதான் சொல்லுவோம்.

நானா? நான் எதிர் வீடு சார். இந்தக் கதவைத் திறந்தா நடுவுல ஒரு வராந்தா, அந்தப் பக்கம் என் கதவு. சாவி என்கிட்ட ஒன்னு இருக்கும். நீங்க போன் பண்ணினப்ப அவர் மேல இருந்திருக்கார். விலங்குகள் நல ஆபீஸ்லேருந்து வர்றாங்களாம், உக்கார வைங்க, நான் வந்துடறேன்னு எனக்குப் போன். பதறிட்டார். கிரேன்லேருந்து கீழ இறங்கவே இருபது நிமிஷம் ஆகும், பாவம், அத்தனை ஏணிப்படி. லைசென்ஸ் பேப்பர் எல்லாம் ஒழுங்கா இருக்கு, இந்தாங்க, பாருங்க. டீ சாப்பிடுவீங்கல்ல? சக்கரை போட்டுட்டேன்.

உங்க கைல இருக்கறதுதான் அந்தப் புகார் லெட்டரா? ரெண்டு பக்கமா? அடேங்கப்பா. என்ன எழுதியிருக்கு? ஈவு இரக்கமில்லாத ஆள்... வாயில்லா ஜீவனை தினமும் வதைக்கிறார்... ம். போதும் சார், படிக்க வேண்டாம். கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு. எழுதினவங்க கோவத்துல எழுதியிருப்பாங்க.

என்னது? கொண்டுபோறதா? ரெண்டு வாரம் உங்க இடத்துல வெச்சுப் பாப்பீங்களா? ஐயோ சார், அதை மட்டும் பண்ணிடாதீங்க. நாய் பூனைன்னா நாலு நாள் அழுதுட்டு பழகிடும். இவன் அப்படி இல்ல. இடம் மாறினா சாப்பிட மாட்டான், தண்ணி குடிக்க மாட்டான், ஒரு மூலைல கரிக்கட்டை மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பான். செத்தே போயிடலாம். அப்படியே உயிரோட திரும்பி வந்தாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எத்தனை மாசப் பாடு தெரியுமா? அதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வெச்சேன். அவர் வர்ற வரைக்கும் கேளுங்க. கேட்டுட்டு, கண்ணாலயும் பாத்துட்டு, அப்புறம் எழுதுங்க.

பேனாவை மட்டும் டிக் டிக்குன்னு அடிக்காதீங்க. வெட்டுக்கிளின்னு நெனச்சு நாக்கை விடப் போறான்.

இவனை அவர் கடைல வாங்கல சார். சைட்ல ஒரு வெல்டர் இருந்தார், வேற ஊருக்கு மாத்தலாயிட்டார். கூண்டோட தூக்கி இவர் கைல குடுத்து, நல்லா பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டார். இவருக்கு பச்சோந்தியைப் பத்தி ஆனா ஆவன்னா தெரியாது. தனியா இருக்கற மனுஷன், வீட்டுல ஒரு உயிர் இருந்தா நல்லாருக்கும்னு சரின்னுட்டார். கூண்டைக் கொண்டுவந்து எங்க வெச்சார் தெரியுமா? தரைல. செருப்பு வைக்கற ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. அவர் தொழில் அப்படி, எந்தச் சுமையா இருந்தாலும் பத்திரமா தரைல எறக்கினாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். மேஸ்திரிக்கு நேர் எதிர். அவன் மரத்துமேல இருக்கறவன். நம்ம தலைக்கு மேல இருந்தாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும். இதுல இன்னொரு கூத்து, பக்கத்துலயே பீரோ கண்ணாடி. கண்ணாடில இன்னொரு பச்சோந்தி தெரியுது. வீட்டுக்குள்ள எதிரி ஒருத்தன் இருபத்துநாலு மணி நேரமும் முறைச்சுக்கிட்டே நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? இவர் என்னடான்னா, ஆசையா கண்ணாடி பாக்கறான்னு நெனச்சிருக்கார்.

அதெல்லாம்கூடப் பரவால்ல. பெரிய தப்பு கை. அவர் கையை மேலேருந்து கொண்டுபோவார் சார். கூண்டோட மேல் மூடியைத் திறந்து, நேரா மேலேருந்து, கொஞ்சம் கொஞ்சமா, ஆடாம அசையாம எறக்குவார். அதுல அவருக்கு ஒரு பெருமை வேற. முட்டையைக்கூட உடையாம எறக்கி வெப்பேன்னு சொல்லுவார். நெஜமாவே வெப்பார். ஆனா மேஸ்திரிக்கு மேலேருந்து வர்றதெல்லாம் பருந்து. வேகமா வந்தா ஒரு நொடில முடிஞ்சிருக்கும். இவர் மெதுவா வர்றதால அந்தப் பருந்து ஒரு நிமிஷம் பூரா தலைக்கு மேல எறங்கிக்கிட்டே இருக்கும். எவ்வளவு பதமா எறக்கினாரோ அவ்வளவுக்கு அவன் நடுங்கினான்.

என் ஜன்னல்லேருந்து பாத்தா இந்த ரூம் அப்படியே தெரியும். நான் வீட்டுலேருந்துதான் வேலை பாக்கறேன், வாஷிங்மெஷின் கம்பெனிக்கு. தண்ணி எறங்கல, டிரம் சுத்தல, சட்டை கிழிஞ்சுதுன்னு போன் வரும், நான் கேட்டு எழுதிக்கணும். அதனாலதான் இந்த வாய். நாள் முழுக்க ஜன்னலைப் பாத்துக்கிட்டே பேசுவேன். என் கண்ணுக்கு என்ன தெரியும்? காலைல பச்சையா ஒரு பிராணி. அந்த ஆள் கிட்ட வந்ததும் கன்னங்கரேல்னு ஆயிடும், வாயைப் பொளந்துக்கிட்டு உஸ்ஸுன்னு சீறும். அவர் கைல நீளமா ஒரு இடுக்கி வேற. தினம் தினம் இதே. ஊசியால குத்தறாரோ, சூடு வெக்கறாரோன்னு எனக்கு ரத்தம் கொதிச்சுது. போன்ல ஒரு அம்மா டிரம் சத்தம் போடுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, நான் ஆமாங்க கொடுமைங்க, இவனையெல்லாம் சும்மா விடக் கூடாதுங்கன்னு சொல்லியிருக்கேன். அந்தம்மா பயந்து வெச்சுட்டாங்க.

அப்புறம் ஒரு நாள் பொறுக்க முடியாம எழுந்து வந்து கதவைத் தட்டிட்டேன். என்னென்ன கேக்கணும்னு வராந்தாவுலயே மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டேன். கதவு திறந்துது. அவ்வளவு பெரிய ஆள், விரல்ல பிளாஸ்திரி. மேஸ்திரி கடிச்சது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் கேட்டார் சார். மேடம், உங்களுக்கு பச்சோந்தி பத்தி ஏதாவது தெரியுமா? இவனுக்கு என்னைப் பிடிக்க மாட்டேங்குதுன்னார்.

ஸ்கூல்ல மத்த பசங்க ஆட்டத்துல சேத்துக்காத பையன் வந்து சொல்லுவான்ல, அந்தக் குரல். நான் கொண்டுவந்த வசனம் ஒன்னுகூட ஞாபகம் வரல. உள்ள பாத்தா சாப்பாட்டுத் தட்டு சமையல்கட்டுல மேடை மேல இருக்கு. கேட்டேன், ஏங்க நின்னுக்கிட்டா சாப்பிடறீங்கன்னு. இங்க உக்காந்து சாப்பிட்டா அவனுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு அங்கயே நின்னு சாப்பிட்டுடறேன்னார். ரெண்டு மாசமா அப்படித்தானாம். தன் வீட்டுல, ஒரு ஜாண் பச்சோந்திக்கு பயந்து, நின்னுக்கிட்டே சாப்பிடற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

எனக்கு மட்டும் என்ன தெரியும் சார், ஒன்னும் தெரியாது. ஆனா புகார் கேக்கறது என் தொழில். மொதல்ல எப்பேருந்து சத்தம் வருது, எங்க வெச்சிருக்கீங்க, யார் கை வெச்சாங்கன்னு ஒன்னொன்னா கேப்பேன். அதையே இவர்கிட்டயும் கேட்டேன். ரெண்டு பேரும் நூலகத்துலேருந்து புத்தகம் எடுத்தோம், கால்நடை டாக்டர்கிட்ட போய் உக்காந்தோம். வீட்டுக்கு வந்து மொதல் காரியமா கூண்டைத் தூக்கி மேல வெச்சோம், அதோ பாருங்க, அந்த உயரத்துல. பீரோ கண்ணாடிக்கு பெட்ஷீட்டைப் போத்தினோம். உள்ள செடி வெச்சோம், அவன் ஒளிஞ்சுக்க. கிண்ணத்துல தண்ணி வெச்சா குடிக்க மாட்டான் சார், இலைல சொட்டா நிக்கணும். அதுக்குத்தான் அந்த ஸ்பிரே பாட்டில்.

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னதுதான் கஷ்டம். ஒரு மாசத்துக்கு தீனியும் தண்ணியும் வெக்கறதைத் தவிர ஒன்னும் பண்ணாதீங்க, தொடாதீங்க, பாக்காதீங்க, பக்கத்துல சும்மா உக்காருங்கன்னுட்டார். என்னால முடியாது சார், எனக்கு அஞ்சு நிமிஷம் வாய் சும்மா இருந்தா தலை வலிக்கும். ஆனா கிரேன்காரர் இருக்காரே, எட்டு மணி நேரம் ஒத்தையா கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து பழக்கம். உக்காருன்னா உக்காந்துட்டார், தினமும் காலை ஷிப்ட் முடிஞ்சு வந்ததும். பேப்பரைப் பிரிச்சுக்கிட்டு, கூண்டுக்குத் தோளைக் காட்டிக்கிட்டு. நாலு மணிக்கு எனக்குக் கால் மணி நேரம் டீ பிரேக். நானும் வந்து உக்காருவேன். திரும்பினா கூண்டைப் பாத்த மாதிரி ஆயிடும்ல, அதனால அவர் அந்தச் சுவரைப் பாத்துப் பேசுவார், நான் இந்தச் சுவரைப் பாத்துப் பேசுவேன். ஒரு மாசம் முழுக்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காமலே ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சுட்டோம். மூஞ்சியைப் பாத்திருந்தா அவ்வளவு பேசியிருப்போமான்னு தெரியல. எனக்கு நாப்பத்தாறு வயசு, ஒரு கல்யாணம் பண்ணி, அது விடிஞ்ச லட்சணத்தையும் பாத்தாச்சு. யார்கிட்டயும் சொல்லாததையெல்லாம் அந்தச் சுவர்கிட்ட சொல்லியிருக்கேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, சத்தமில்லாம சிரிங்க.

அப்புறம் கையால சாப்பாடு குடுக்கறது. மொதல்ல அந்த நீள இடுக்கில வெட்டுக்கிளியைப் பிடிச்சு, தூரத்துலேருந்து. பத்து நாள் நீள இடுக்கி, அடுத்த பத்து நாள் குட்டை இடுக்கி, அப்புறம் விரல். நல்லாப் போய்க்கிட்டு இருந்துது. ஒரு நாள் இவர் வேலைலேருந்து வந்தவர், பசியோ என்னவோ, சைட்ல போடற ஆரஞ்சு வெஸ்ட்டும் ஹெல்மெட்டுமா நேரா உள்ள வந்துட்டார். அவ்வளவுதான். மேஸ்திரி கிளையைவிட்டு தொப்புன்னு கீழ விழுந்தான். நாலு நாள் பச்சைத் தண்ணிகூட வாய்ல படல. இவர் ஆடிப்போயிட்டார். என்னால ஆகாது, வேற யாருக்காவது குடுத்துடலாம், அவனாவது நிம்மதியா இருக்கட்டும்னு சொல்றார். நான்தான் திட்டினேன். மாட்டேன்னு சொல்றது அவன் இல்ல, நீங்கதான்னு கத்தினேன். கத்தவும் முடியல, கூண்டு பக்கத்துல இருக்கு. ரகசியக் குரல்லயே கத்தினேன். அன்னிலேருந்து வெஸ்ட், ஹெல்மெட் எல்லாம் படிக்கட்டுலயே கழட்டி மாட்டிட்டுத்தான் உள்ள வர்றார். கீழ் வீட்டுக்காரங்க, என்ன கிரேன்காரரே, எதிர் வீட்டு மேடம் சட்டமான்னு கிண்டல். அவருக்குக் காது சிவந்துடும்.

இப்ப கை விஷயம். கையைக் கீழேருந்து கொண்டுபோகணும் சார். கிளைக்குக் கீழ, இன்னொரு கிளை மாதிரி, உள்ளங்கையைத் திறந்து வெச்சுட்டுக் காத்திருக்கணும். பிடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. இருபத்தஞ்சு வருஷமா மேலேருந்து தூக்கியே பழகின மனுஷன் கையைக் கீழ வெச்சுக்கிட்டு நிக்கணும். தினமும் இருபது நிமிஷம். கை மரத்துப்போயிடும். கொசு கடிச்சாக்கூட அசைய மாட்டார். நான் போய் விரட்டணும். காத்துல ஆடற இரும்பு உத்தரத்தையே பசங்க போல்ட் போடற வரைக்கும் பிடிச்சு நிறுத்தியிருக்கேன், இது என்ன பிரமாதம்பார். ஆனா நெத்தில வேர்த்திருக்கும்.

எத்தனாவது நாள்னு நான் எண்ணல. ஒரு சாயங்காலம் மேஸ்திரி முன்னங்காலை எடுத்து விரல் நுனில வெச்சான். உடனே எடுத்துட்டான். மறுநாளும் அதே கதை. மூணாம் நாள் ரெண்டு காலும் வெச்சான். அப்புறம் ஒவ்வொரு காலா சோதிச்சு சோதிச்சு, முழுசா ஏறி உள்ளங்கைல உக்காந்துட்டான். உக்காந்தப்ப மண் நெறம். பாத்துக்கிட்டே இருக்கோம், கழுத்துலேருந்து மெல்ல மெல்லப் பச்சையாகுது. வாழை இலைக் குருத்துப் பச்சை. கிரேன்காரருக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. துடைச்சுக்க முடியல, கை ஆடிடும்ல. என் துப்பட்டாவை எடுத்து நான்தான் துடைச்சுவிட்டேன். எனக்கும் அழுகை. அவ்வளவு சந்தோஷமா நான் அழுது பல வருஷம் ஆச்சு சார்.

இப்ப தினமும் ஏறுவான். தோள் வரைக்கும் போவான், காதைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல்ல வேடிக்கை பாப்பான். பாசமான்னு கேட்டா, தெரியாது. கூப்பிட்டா ஓடி வர மாட்டான், மடில படுக்க மாட்டான். பயமில்லாம இருக்கான். அது போதும்னு கிரேன்காரர் சொல்லிட்டார். ஊர்ல ஆளைத் திட்டறதுக்கு பச்சோந்தின்னு சொல்றாங்க பாருங்க, அதைக் கேட்டா இப்பல்லாம் எனக்குக் கோவம் வரும். இவனை மாதிரி உள்ள இருக்கறதை மறைக்கத் தெரியாதவன் யாரும் கிடையாது. நாமதான் எவ்வளவு நாள் வேணும்னாலும் மறைப்போம்.

அதோ பாருங்க, இப்பவே பாருங்க. புது ஆள் நீங்க ரூம்ல இருக்கீங்க, ஆனாலும் என்ன நெறத்துல இருக்கான்? எழுதிக்கங்க. பச்சைன்னு எழுதிக்கங்க. எடை, கண்ணு, நகம், எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டாச்சா? அப்பாடா. மவராசனா இருங்க சார். இன்னொரு டீ?

ஏன், என்ன தயக்கம்? ஃபைலை மூட முடியாதா? ஏன்? ஓ. புகார் குடுத்தவங்க திருப்திங்கன்னு கையெழுத்துப் போடணுமா? லெட்டர்ல பேரே இல்லைங்கறீங்களே? அப்போ... கண்டிப்பா கொண்டுபோய் ரெண்டு வாரம் வெச்சுப் பாத்தே ஆகணுமா? இன்னிக்கேவா? நீங்களே கண்ணால பாத்த பிறகுமா? இல்ல இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. எங்க கம்பெனிலயும் அதே சட்டம்தான், கூப்பிட்டவங்க சரின்னு சொன்னாத்தான் மூடலாம்.

ஒரு நிமிஷம் இருங்க சார். அவனைக் கொண்டுபோறதுக்குப் பெட்டியை இப்ப எடுக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை அவர் என்கிட்ட ஒன்னு கேட்டார். சுவரைப் பாத்துக்கிட்டு இல்ல, என்னைப் பாத்து. ரெண்டு பேருக்கும் எதுக்கு ரெண்டு கதவுன்னு கேட்டார். நான் அடுப்புல பால் இருக்குன்னு எழுந்து ஓடிட்டேன். அடுப்புல ஒன்னுமே இல்ல. ஒரு வாரமாச்சு, பதில் சொல்லல. அவரும் திருப்பிக் கேக்கல. பிடிக்காம இல்ல சார், ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த நல்ல மனுஷன்கிட்ட சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும், அதைச் சொல்ல வாய் வரல. நாள் முழுக்கப் பேசற வாய்.

படில சத்தம் கேக்குதா? அவர்தான். வெஸ்ட்டைக் கழட்டிட்டு வருவார்.

அந்த ஃபாரத்தைக் குடுங்க. பேனாவும் குடுங்க. இங்க இல்ல சார், இது சாட்சி. இதுக்கு மேல, புகார்தாரர்னு போட்டிருக்குல்ல, அங்க. ஆமா சார், நான்தான். எழுதிப் போட்டுட்டு பதினஞ்சு நாள் உங்க ஆளுக்காகக் காத்திருந்தேன். நீங்க வரல, அதனாலதான் அன்னிக்கு நானே வந்து கதவைத் தட்டினேன். இத்தனை மாசம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கீங்க. இந்தாங்க, கையெழுத்து. திருப்தின்னும் எழுதிட்டேன். லெட்டரைப் பைல வைக்காதீங்க, மேசை மேலயே இருக்கட்டும்.

வாங்க, திறந்துதான் இருக்கு. ஒன்னும் ஆகல, மேஸ்திரியைக் கொண்டுபோகல, சார் ஃபைலை மூடிட்டார். நீங்க மொதல்ல உக்காருங்க. உக்காந்து இந்த ரெண்டு பக்கத்தையும் படிங்க. எழுதினது யாருன்னு கடைசில நான் சொல்றேன். படிச்ச பிறகும் ஞாயித்துக்கிழமை கேட்டதைக் கேக்கணும்னு தோணிச்சுன்னா, இன்னொரு தடவை கேளுங்க. இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன்.